ஊரடங்கில் வரைய உட்காரும் பிள்ளைகளுக்கு

2020 மார்ச் 25-ல் கொரோனாவுக்காக ஊர் அடங்கியபோது, இருபத்தொரு நாள்தானே என்று உற்சாகமாக ஸ்கெட்ச் புக்கைத் திறந்தவர்கள் நிறையப் பேர். ஒரு வருடம் ஓடி, இரண்டாவது அலையும் வந்து 2021 நடுவில்தான் வடியத் தொடங்கியது. அந்தப் புத்தகங்கள் பலவும் பாதியில் நின்றன. கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தும் வகுப்பறையில் உட்காராத பிள்ளைகள், வேலை போனபின் பழைய ஆசையைத் தூசு தட்டி எடுத்தவர்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சையே இல்லாமல் தேறிவிட்டு வீட்டில் அடைந்து கிடந்த பையன்கள், பெண்கள் என்று பலரும் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: விட்டுப்போகாமல் எப்படித் தொடர்வது?

பல வருடம் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். எண் போட்டது நீங்கள் திரும்ப எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். எதையும் எங்கிருந்தும் தொடங்கலாம்.

1. முதலில் ஓர் இடம் பிடியுங்கள். தனி அறை வேண்டாம், ஈசல் வேண்டாம். ஒரு ஜன்னல் ஓரம், ஒரு மணை, பரீட்சை அட்டை ஒன்று போதும். பென்சிலும் தாளும் எந்நேரமும் அங்கேயே இருக்கட்டும். எடுத்து வைத்து, பிரித்துப் போட்டு, மறுபடி அடுக்கி வைக்கிற வேலை இருந்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். அப்பா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு, இருப்பது ஒரே மேசை என்றால் தரையில் உட்காருங்கள். நம் நாட்டில் பெரிய பெரிய சித்திரக்காரர்கள் தரையில் உட்கார்ந்து எழுதியவர்கள்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்துவிட்டு, வடக்கு ஜன்னல்தான் ஓவியனுக்கு உகந்தது, அதில் வெயில் விழாது என்று சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் ஏறும், தெற்கு ஜன்னல்தான் நிதானமாக இருக்கும். ஆகவே புத்தகத்தை நம்பாமல் உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் எந்த நேரம் நிழல் நகராமல் நிற்கிறது என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள். அந்த நேரம்தான் உங்கள் வரையும் நேரம்.

2. தாள் இல்லை என்று நிறுத்தாதீர்கள். ஊரடங்கில் ஸ்டேஷனரி கடைகள் மூடிக் கிடந்தபோது கெட்டிக்காரப் பிள்ளைகள் மாதக் காலண்டரின் பின்பக்கத்தையும் கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சரி. 1943-ல் வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் செத்துக் கிடந்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் வரைந்தது, பொட்டலம் கட்டுகிற மலிவுத் தாளில், கறுப்பு மையும் பிரஷும் கொண்டு. இன்று அந்தத் தாள்கள் பொக்கிஷம். விலை உயர்ந்த முந்நூறு ஜிஎஸ்எம் தாள் கையில் இருந்தால் அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை நடுங்கும். கற்கும் காலத்தில் பயமில்லாத தாள்தான் நல்ல தாள்.

வண்ணம் தீர்ந்துவிட்டால் டிகாக்‌ஷனும் அடுப்புக்கரியும் காவிக்கட்டியும் இருக்கின்றன. மஞ்சள்தூளையும் குழைத்துப் பூசலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி மண் என்பதால் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

3. "வரைய வீட்டில் என்ன சார் இருக்கிறது?" இதுதான் என்னிடம் அதிகம் வந்த கேள்வி. ஊரடங்கில் மகாபலிபுரம் போகமுடியவில்லை, கோயில் மண்டபத்தில் உட்காரமுடியவில்லை, எழும்பூர் ரயில் நிலையத்தில் நின்று ஆட்களை வரையமுடியவில்லை. உண்மைதான். ஆனால் இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் ஜார்ஜியோ மொராண்டி என்று ஒருவர் இருந்தார். சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில், தான் படுத்துறங்கும் அறையையே ஓவிய அறையாக வைத்துக்கொண்டு, சில பாட்டில்களையும் ஜாடிகளையும் தகர டப்பாக்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, 1964-ல் இறக்கும்வரை அவற்றையே வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்களைப் பார்ப்பதற்கு இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் ஓவியர் இளையராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவர் வரைந்ததெல்லாம் நம் வீடுதான். அடுப்படி, நிலைப்படி, பித்தளைப் பாத்திரம், பாவாடை கட்டிய பெண், வாசல் வழியே உள்ளே சாயும் வெயில். ஒரு கறுத்த முகத்தில் அந்த வெயில் விழும்போது அவர் பூசுகிற ஆரஞ்சையும் ஊதாவையும் பாருங்கள். கறுப்பு நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்பதை நமக்குக் காட்டியவர் அவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் முப்பது வருடம் வரைந்திருக்கவேண்டிய கை. எழுதும்போதே மனசு கனக்கிறது. அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை நம் வீட்டு அடுப்படியை ஒரு முறையாவது ஒழுங்காகப் பார்ப்பது.

சரி, எப்படிப் பார்ப்பது? எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றி ஜன்னலருகே மேசைமேல் வையுங்கள். எதிரே உட்காருங்கள். டப்பாவின் வாய் உங்களுக்கு நீள்வட்டமாகத் தெரியும். கண் மட்டத்துக்கு அருகில் இருக்கும் வட்டம் ஒடுங்கித் தெரியும். கீழே போகப் போக விரியும். எனவே அடிவட்டம் வாய்வட்டத்தைக் காட்டிலும் கொஞ்சம் அதிகமாக உருண்டிருக்கும். புதிதாக வரைபவர்கள் எல்லோரும் வாயை நன்றாக உருட்டிவிட்டு அடியை ஸ்கேல் வைத்தாற்போல் நேர்கோடாக இழுப்பார்கள். டப்பா மேசையில் தட்டையாக நிற்கிறது என்று மனசுக்குத் தெரியும் அல்லவா, கை மனசைக் கேட்டுவிடுகிறது. கண்ணைக் கேட்கப் பழக்குவதுதான் முழுப் பயிற்சியும்.

அடுத்து அதன் பளபளப்பு. எவர்சில்வர் சாம்பல் நிறம் என்று நினைத்து டப்பா முழுக்க பென்சிலைத் தேய்த்தால் அது சிமெண்டு டப்பா ஆகிவிடும். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். ஜன்னல் ஒரு நீண்ட வெள்ளைப் பட்டையாக வளைந்து நிற்கும். அதை ஒட்டியே, இடைவெளி இல்லாமல், கரேலென்று ஒரு பட்டை. அதற்கப்பால் மேசையின் நிறம் கொஞ்சம். ஓரத்தில் உங்கள் சட்டையின் நிறம் ஒரு கீற்று. வெள்ளைத் தாளை வெள்ளையாகவே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் 6பி பென்சிலை அழுத்திப் போடுங்கள். உலோகம் தானாக வந்துவிடும். ஒரு வாரம் அதே டப்பாவைக் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று வரையுங்கள். பிறகு "வீட்டில் என்ன இருக்கிறது" என்று கேட்கமாட்டீர்கள்.

4. வீட்டு மனிதர்களை வரையுங்கள். கல்லூரியில் லைவ் மாடலுக்குக் காசு கொடுத்து உட்கார வைப்பார்கள். இங்கே உங்கள் எதிரில் அப்பா டிவி பார்க்கிறார், பாட்டி பூத்தொடுக்கிறாள், அண்ணன் பகலிலும் தூங்குகிறான். தூங்குபவர் நல்ல மாடல். திடீரென்று புரண்டு படுத்தால் அதுவும் பாடம். முழு உருவத்தை முடித்தே தீருவேன் என்று நினைக்காமல் ஒரு நிமிஷத்தில் பிடியுங்கள். முதுகெலும்பு எப்படி வளைகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது. இந்த மூன்றும் வந்துவிட்டால் மூக்கு முழி இல்லாமலே அது உங்கள் அப்பா என்று அம்மா சொல்லிவிடுவார். ஆள் அசைந்துவிட்டால் அதே தாளில் பக்கத்தில் இன்னொன்று. ஒரு தாளில் பத்து அப்பாக்கள் இருக்கலாம்.

பாட்டியின் கையைத் தனியாக வரையுங்கள். நரம்பு, மூட்டு, தளர்ந்த தோல், இறுகிப்போன மோதிரம் என்று ஒரு கல்லூரி வருடத்துக்கான பாடம் அதில் இருக்கிறது. வரையும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வரைந்ததும் காட்டுங்கள். வீட்டுப் பெண்கள் தூங்கும்போதும் வேலை செய்யும்போதும் வரைந்த படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போடாதீர்கள்.

5. அழிரப்பரைத் தூர வையுங்கள்.

6. யாரும் உட்காரச் சம்மதிக்கவில்லையா? கண்ணாடி இருக்கிறது. முகம் பார்த்து வரைவதற்கு செல்ஃபியை எடுத்துவைத்துக்கொள்ளும் பழக்கம் பெருகிவிட்டது. கேமராவை முகத்துக்கு அருகே பிடித்து எடுப்பதால் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது சிறுத்துப் பின்னால் போய்விடும். அதைப் பார்த்து வரைந்துவிட்டு, "என் சாயல் வரவில்லை" என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை. கண்ணாடியில் பாருங்கள். ஒரு சின்ன சோதனை: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சோப்புத் துண்டால் கண்ணாடியின்மேல் உங்கள் முகத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி வரையுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் அசல் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். நாம் தினமும் பார்ப்பதை எவ்வளவு பார்க்காமல் இருக்கிறோம் என்பதற்கு இது சாட்சி.

போட்டோவைப் பார்த்து வரையவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். பிறர் ஓவியங்களைப் பார்த்து வரைவதும் நல்ல பயிற்சி. வான்கோ 1889 மே தொடங்கி ஒரு வருடம் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தார். உடல்நிலை மோசமாகி வெளியே போகமுடியாத நாட்களில், மிலே என்ற ஓவியரின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளாக வைத்துக்கொண்டு, அவற்றைத் தன் வண்ணத்தில் எழுதினார். இன்னொருவர் அமைத்த இசையை ஒரு வாத்தியக்காரர் தன் வழியில் வாசிப்பதைப் போன்றது அது என்று தம்பிக்குக் கடிதத்தில் விளக்கினார். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். கட்டம் போட்டு, ஒரு சினிமா நடிகர் படத்தை மயிரிழை பிசகாமல் பெரிதாக்குவது கையின் பொறுமைக்கு நல்லது. கண்ணுக்கு அதில் வேலை குறைவு. ஓவியர் சில்பியின் கோயில் சிற்பக் கோடுகளையோ, ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி வரிசையையோ எடுத்துக்கொண்டு, இந்தக் கோடு ஏன் இங்கே தடித்தது, ஏன் அங்கே நின்றது என்று கேட்டபடி வரைந்தால் அவர்களே வந்து சொல்லிக்கொடுத்த மாதிரி.

7. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியருக்குப் படம் அனுப்பும் முன், தாளைச் சுவரில் ஒட்டி, போனைத் தாளுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் தலை சிறுத்துக் கால் பெருத்துவிடும். நீங்கள் செய்யாத தப்பை ஆசிரியர் திருத்திக்கொண்டிருப்பார். ட்யூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம். பகலில், வெயில் நேரே படாத இடத்தில் எடுங்கள்.

8. பொருள்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். கிருமி பயத்தில் தாளின்மேலும் படத்தின்மேலும் சானிட்டைசர் அடித்தார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். பால்பாயிண்ட் மை அதில் கரைந்து ஓடும், காய்ந்த அக்ரிலிக் வண்ணம்கூட இளகிவிடும். கடையிலிருந்து வந்த தாளை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு எடுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள், அது போதும். சானிட்டைசர் ஈரம் காயாத கையோடு விளக்கு, மெழுகுவர்த்தி பக்கம் போகக்கூடாது.

ஆயில் கலர் ஊரடங்குக் காலத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது டர்பன்டைன் வாடையில் குடும்பமே மூச்சு விடவேண்டியிருக்கும். வீட்டில் யாராவது தொற்று வந்து தேறியிருந்தால் அவர்களுக்கு அது பெரிய இம்சை. பென்சில், மை, நீர்வண்ணம் இந்த மூன்றும் வாழ்நாள் முழுக்க வரையப் போதுமானவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளில் பூஞ்சை பிடிக்கும். படங்களைச் சுவரை ஒட்டி அடுக்காமல், மாதம் ஒரு முறை பிரித்துக் காற்றாடப் போடுங்கள்.

9. உடம்புக்கு முடியாதபோது வரையவேண்டாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். காய்ச்சலோடு படுத்திருக்கும்போது "இன்றைய பயிற்சி விட்டுப்போயிற்றே" என்று மனசை வதைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, அப்போதும் தினம் ஒரு படம் என்ற கணக்கு தவறக்கூடாது என்று நினைக்கிறார்கள். கணக்கு தவறட்டும். அழவேண்டியதை அழுங்கள். பென்சில் எங்கும் போய்விடாது.

தேறி எழுந்தபின் கதை வேறு. நூறு வருடத்துக்கு முன் உலகத்தை வாரிய ஸ்பானிஷ் காய்ச்சலின்போது நார்வேயின் எட்வர்ட் மூங்க், நோயில் வாடிய தன்னையே வரைந்தார். 1919-ல் எழுதிய அந்தப் படத்தில் போர்வையும் அங்கியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கலைந்த படுக்கை. வாய் லேசாகத் திறந்திருக்கும், மூச்சுக்குத் தவிப்பது போல. 2020-ல் அந்தப் படம் உலகம் முழுக்கத் திரும்பவும் பேசப்பட்டது. நோயிலிருந்து எழுந்தவனுக்கு மட்டும் தெரிகிற உலகம் ஒன்று உண்டு. அதை வரைய முடிந்தால் வரையுங்கள்.

கை பழையபடி ஓடவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் பிறந்து ஆனந்த விகடனில் நம்மையெல்லாம் சிரிக்க வைத்த கோபுலு, பக்கவாதத்தில் வலதுகை செயலிழந்தபின் இடதுகையால் வரையப் பழகிக்கொண்டார். சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மிகக் குறைவு. ஐம்பதுகளில் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை விரலால் தடவி வெட்டி ஒட்டி உருவங்கள் செய்தார், சுவரில் பெரிய ஓட்டுச் சித்திரம் அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். வரையத் தோன்றாத நாளில் அதைத் தேடிப் பாருங்கள். உங்களை யாரோடும் ஒப்பிடச் சொல்லவில்லை. கண்ணும் கையும் விட்டுப்போனபின்னும் வரைவதில் மீதம் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியும்.

10. நடப்பதையும் வரையுங்கள். ஊரடங்கில் முகக்கவசம் போட்ட காய்கறிக்காரர், கடைவாசலில் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள், மொட்டை மாடியில் பட்டம் விடும் பிள்ளைகள், தடுப்பூசி வரிசை. முகக்கவசம் பாதி முகத்தை மறைத்தபின் ஆளை அடையாளம் காட்டுவது புருவமும் நெற்றியும் நிற்கிற தோரணையும்தான். இவற்றை இவ்வளவு கூர்ந்து பார்க்கும் வாய்ப்பு முன்பு வந்ததில்லை. வங்கப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் என்ற இளைஞர் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, கண்டதை வரைந்து, எழுதிப் புத்தகமாக்கினார். ஆங்கில அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. கோட்டுச் சித்திரம் என்பது அரசாங்கமே அஞ்சுகிற சாட்சியம்.

ஆனால் மருத்துவமனை வாசலில் கதறுகிறவரை நின்று வரையாதீர்கள். அந்தத் துயரம் அவருடையது. மனசில் பதிந்ததை வீட்டுக்கு வந்து, முகம் தெரியாதபடி வரையுங்கள்.

11. லைக்குகளுக்காக வரைந்தால் எது விரும்பப்படுகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வீர்கள். வாரத்தில் ஆறு நாள் யாருக்கும் காட்டாமல் வரையுங்கள். ஏழாம் நாள் காட்டுங்கள், அதுவும் உங்களைவிட நன்றாக வரைகிற ஒருவரிடம். "சூப்பர்" என்று சொல்பவரைவிட "தோள் இறங்கிவிட்டது பார்" என்று சொல்பவர் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். கிழித்து எறியாதீர்கள். உங்கள் கை எப்படி மாறியது என்பதை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தத் தாள்கள் சொன்னால் நம்புவீர்கள்.

12. தொற்று பரவும் காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அப்போது கூட்டமாக வெளியே போய் வரையும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். கோயில் தூண்கள் அங்கேயேதான் இருக்கும்.

13. கடைசியாக, வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரடங்கின் அந்த ஒன்றரை வருடத்தில் திருவிழா இல்லை, நாடகம் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. சீன் எழுதுபவர்கள், போர்டு எழுதுபவர்கள், கோயிலில் சுதை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்கள், வீடு வீடாகப் போய் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாரும் வருமானம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நிலையிலும் பலர் சென்னைச் சாலைகளில் பெரிய பெரிய கொரோனா உருவங்களை எழுதி ஜனங்களை எச்சரித்தார்கள். யூடியூபில் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம், சரிதான். இருந்தாலும் உங்கள் தெருவிலோ ஊரிலோ அப்படி ஒருவர் இருப்பார். போனில் கூப்பிடுங்கள். மாதம் இவ்வளவு என்று பேசி, வாரம் ஒரு நாள் உங்கள் படங்களைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். பணத்தை முதல் தேதியே அனுப்பிவிடுங்கள்.